நான் வாயைக் கட்டிய இரண்டு புள்ளிகள்

நான் ஓய்வு பெற்ற அன்று வேர்க்ஷொப்பில் கேக் வெட்டினார்கள். ஒரு கைக்கடிகாரமும் தந்தார்கள். இனி நேரம் பார்த்து ஓட வேண்டியதில்லை என்றாகிவிட்ட மனிதனுக்குக் கடிகாரம் கொடுக்கிற வழக்கத்தை யார் தொடங்கினார்களோ தெரியவில்லை. கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே நிவேதா ஒரு கேள்வி கேட்டாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, எங்கள் கொம்பனியில் சேர்ந்து மூன்று வருடம்.

"அங்கிள், புது பிரிண்டரெல்லாம் தன் ஹெட்ல எந்தப் புள்ளி போச்சுன்னு தானாவே நெட்வொர்க்ல சொல்லிடுது. நீங்க மட்டும் கடைசி நாள் வரைக்கும் கேபிளப் போட்டு, முதல்ல ரீசெட் அடிச்சு, அப்புறம்தான் டெஸ்ட் பண்ணீங்க. ஏன்?"

"பழக்க தோஷம்" என்று சிரித்துச் சமாளித்தேன். அது பொய். அந்தப் பொய்யோடு இல்ஃபோர்ட் வரை ரெயினில் வந்து, வீட்டில் சப்பாத்தைக் கழற்றும்போதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதுவதற்கு எட்டு மாதம் எடுத்தது. ஏன் எடுத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடைய தொழில் லேபிள் அச்சிடும் தெர்மல் பிரிண்டர்களைத் திருத்துவது. லண்டனுக்கு வந்த புதிதில் பெற்றோல் ஸ்ரேசனில் நின்றேன், பகுதி நேரமாக எலெக்ட்ரோனிக்ஸ் படித்தேன், ஒரு விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன், எடுத்தார்கள். படிப்புக் கதை அவ்வளவுதான்.

தெர்மல் பிரிண்டரில் மை கிடையாது. ஹெட் என்று ஒரு பாகம் உண்டு. அதன் விளிம்பில், ஒரு மில்லிமீற்றருக்கு எட்டு என்ற கணக்கில், சூடாகும் நுண்ணிய புள்ளிகள் வரிசையாக இருக்கும். எந்தப் புள்ளி சூடாகிறதோ அந்த இடத்தில் கடதாசி கறுக்கும். ஒரு புள்ளி செத்தால், அதன் கீழே ஓடுகிற ஒவ்வொரு லேபிளிலும் மயிரளவு வெள்ளைக் கோடு ஒன்று விழும். கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும்.

ஆகவே கண்ணை நம்பாமல் பிரிண்டரையே கேட்பது எங்கள் முறை. லப்டொப்பைக் கேபிளால் இணைத்து ஒரு வரி கட்டளை அடித்தால், அது ஒவ்வொரு புள்ளிக்கும் மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, தடையை அளந்து, 'ஹெட் சரி' என்றோ 'இத்தனை புள்ளி பழுது' என்றோ பதில் சொல்லும். இலக்கம் கொடுத்துத் தனித்தனியாகவும் கேட்கலாம். நல்ல புள்ளிகளின் அளவுகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். செத்த புள்ளி மட்டும் எங்கோ உயரத்தில் ஓர் எண்ணைச் சொல்லும். ஒருமுறை மீன் மொத்தச் சந்தையில் இருந்த பிரிண்டர் ஒன்றில் வெள்ளைக் கோடு கோடாக விழுந்தது. புது ஹெட் வேண்டும் என்று அவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். கேட்டுப் பார்த்தேன், ஒரு புள்ளியும் சாகவில்லை. அல்ககோலில் துணியை நனைத்துத் துடைத்தேன், உப்பும் செதிலும் வந்தன. வேலை முடிந்தது. ஒரு பெரிய விளைமீனைத் தூக்கித் தந்தார்கள். ரெயினில் என் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

இன்னொரு கட்டளையும் இருந்தது. ஒரு புள்ளியின் இலக்கத்தைக் கொடுத்து, 'இது பழுது என்று எனக்குத் தெரியும்' என்று பிரிண்டரிடம் சொல்லிவிடலாம். அதன்பிறகு சோதனையில் அந்தப் புள்ளியை அது கணக்கில் எடுக்காது, வேலையையும் நிறுத்தாது. புது ஹெட் வரும்வரை சமாளிப்பதற்கான வழி. வேர்க்ஷொப்பில் இருந்த தமிழ்ப் பெடியங்கள் இதற்கு 'வாயைக் கட்டுறது' என்று பெயர் வைத்திருந்தோம். "ரெண்டு புள்ளிக்கு வாயைக் கட்டிப்போட்டு வந்தனான்" என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

வாயைக் கட்டினால் செய்யவேண்டிய காரியங்களை எங்கள் மேலாளர் மோரீன் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். மூடியில் மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டி, எந்த இடத்தில் எழுத்து வரக்கூடாது என்று எழுத வேண்டும், மோரீனுக்கும் சொல்ல வேண்டும். அடுத்த முறை போகும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் ரீசெட் கட்டளையை அடிக்க வேண்டும். அப்போதுதான் கட்டிய வாய்கள் எல்லாம் அவிழும். அதற்குப் பிறகுதான் சோதனை. "பேசவிடாமல் செய்துவிட்டு, எப்படிச் சுகம் என்று கேட்காதே" என்பார் மோரீன்.

அயர்லாந்துக்காரி. ஐம்பத்தைந்து வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். குரலை உயர்த்திக் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார், கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கு நாங்கள் எல்லோரும் பயம். கழற்றிக் கொண்டுவரும் ஒவ்வொரு பழைய ஹெட்டையும், எறிவதற்கு முன், பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தன் மேசையில் இருந்த சோதனைப் பிரிண்டரில் மாட்டிப் பார்ப்பார். முடிவு ஒரு சிறு துண்டில் அச்சாகி வரும். திகதியும் தன் பெயரின் முதலெழுத்துகளும் பேனாவால் போட்டு, துண்டை ஹெட்டில் சுற்றி றப்பர் பாண்ட் போடுவார். எங்களுக்கு அது வேலையில்லாதவர் வேலையாகத் தெரிந்தது.

நான் சேர்ந்து ஆறு மாதம் முடியும் தறுவாயில், அந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகும் என்று இருந்த நேரத்தில், ஒரு வியாழக்கிழமை சமோசாவும் ரோல்ஸும் செய்து சுப்பர்மார்க்கெட்டுகளுக்கு அனுப்புகிற ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. பிரிண்டர் நின்றுவிட்டது. போய்க் கேட்டேன். இரண்டு புள்ளிகள் பழுது என்றது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். முன்னூற்றுப் பதினொன்று, முன்னூற்றுப் பன்னிரண்டு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள். கையில் புது ஹெட் இல்லை, செவ்வாய்தான் வரும். பொதி கட்டும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, தொழிற்சாலை மனேஜர் என் பின்னால் நடைபோட்டார்.

வாயைக் கட்டினேன். வெள்ளைக் கோடு பார்கோட்டின் ஊடாகப் போனதால், பார்கோட்டைச் சில புள்ளிகள் இடப்பக்கம் தள்ளினேன். ஸ்கேனர் பிடித்துப் பார்த்தேன், 'பீப்' என்றது. பார்கோட்டுக்கு மேலே பாவனை முடிவுத் திகதி இருந்தது. அன்றைக்கு 08. கோடு அந்தப் பூச்சியத்தின் நடுவால் போனது. பூச்சியத்தின் நடுவில் என்ன இருக்கிறது, வெறும் வெள்ளைதான். லேபிளில் ஒரு பழுதும் தெரியவில்லை.

மஞ்சள் ஸ்ரிக்கரை எடுத்தேன். மனேஜர் கையை உயர்த்தினார். மறுநாள் சுப்பர்மார்க்கெட்டிலிருந்து பரிசோதகர்கள் வருகிறார்களாம், மெசினில் மஞ்சளாக ஒன்றும் ஒட்ட வேண்டாமாம். செவ்வாய் வரைக்கும்தானே என்று நான் ஸ்ரிக்கரைப் பைக்குள் வைத்தேன். இதை எழுதும்போதும் அந்தக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருக்கிறது.

அந்த லைனில் தரம் பார்க்கும் பொறுப்பு யோகம் அக்காவுக்கு. யோகேஸ்வரி. என்னைவிட ஆறேழு வயது கூட. நான் போகிற நாட்களில் தன் சாப்பாட்டுப் பொதியில் வைத்திருக்கும் வடையில் ஒன்றைக் கடதாசியில் சுற்றித் தருவா. பழைய மெசின் அது, நிறுத்தினால் திகதியை மறந்துவிடும். காலையில் அக்காதான் அதன் கீபோர்ட்டில் திகதியை அடிப்பா. பிறகு மணித்தியாலத்துக்கு ஒரு லேபிளைக் கிழித்து, ஸ்கேனர் பிடித்து, பீப் என்றதும் படிவத்தில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவா. திகதியையும் கண்ணால் வாசிக்க வேண்டும் என்பது சட்டம். குளிர் அறையில், ஆவி படிந்த கண்ணாடியோடு நிற்கிறவர்கள் காதால்தான் சோதிப்பார்கள். அந்த லைனில் எல்லோரும் அப்படித்தான். அந்த பீப் சரியாக வரும்படி செய்துவிட்டு வந்தவன் நான்.

வெள்ளிக்கிழமை 09. சனி, ஞாயிறு வேலை இல்லை. திங்கட்கிழமை 12.

அந்தப் பிரிண்டரின் சின்ன எழுத்தில் ஒன்று என்பது ஒரு நேர்கோடு. இரண்டு புள்ளி அகலம். எழுத்துக் கட்டத்தின் சரி நடுவில் நிற்கும். பூச்சியத்தின் வெறுமைக்குள் ஒளிந்திருந்த கோடு, திங்கட்கிழமை அந்த ஒன்றை முழுதாக விழுங்கிவிட்டது. அன்று போன அத்தனை பொதிகளிலும் பாவனை முடிவுத் திகதி 2. போன கிழமையே முடிந்துவிட்ட திகதி. சுப்பர்மார்க்கெட் களஞ்சியம் லொறியோடு திருப்பி அனுப்பியது. எல்லாவற்றையும் கொட்டினார்கள்.

செவ்வாய் காலை நான் புது ஹெட்டோடு போனபோது மனேஜரும் யோகம் அக்காவும் பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்றார்கள். மனேஜரின் கையில் படிவம். மணிக்கொரு லேபிள், எல்லாவற்றிலும் 2, எல்லாவற்றின் பக்கத்திலும் அக்காவின் கையெழுத்து.

"தம்பி, நான் பன்ரெண்டு எண்டுதான் அடிச்சனான்" என்றா அக்கா என்னிடம். "ஒருக்கா மெசினைக் கேட்டுப் பாருங்கோ. அதில ஏதும் பிழை இருக்கும்."

படிவத்தைப் பார்த்த அந்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. 2-க்கு முன்னால் ஓர் எழுத்தளவு இடைவெளி. பழுது எங்கே, எந்த இலக்கம், யார் செய்தது எல்லாம் தெரியும்.

கேபிளை மாட்டினேன். ரீசெட் கட்டளையை முதலில் அடிக்க வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. என் விரல் அந்த விசைக்கு மேலே நின்றது நல்ல ஞாபகம். அதை அடித்தால் திரையில் இரண்டு பழுது என்று வரும். எப்போது தெரியும், ஸ்ரிக்கர் எங்கே, மோரீனுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேள்விகள் வரும். மாதக் கடைசிக்கு மூன்று கிழமைகூட இல்லை. வீட்டில் மனைவி ஏழு மாதம்.

ரீசெட்டை விட்டுவிட்டுச் சோதனைக் கட்டளையை மட்டும் அடித்தேன். திரையில் 'ஹெட் சரி' என்று வந்தது. மனேஜர் எட்டிப் பார்த்தார். அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தா.

"மெசின் சரியெண்டுதான் சொல்லுது அக்கா" என்றேன்.

அந்த வசனத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் அதன் கேவலம்.

அக்கா கையுறையைக் கழற்றினா. அப்படியென்றால் நான்தான் ஒன்றை அடிக்காமல் விட்டிருப்பேனோ என்ற யோசனை அவ முகத்தில் வந்து குந்தியதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஹெட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். 'சோதனையில் பழுது இல்லை. முன்னெச்சரிக்கையாக ஹெட் மாற்றப்பட்டது' என்று வேலைத்தாளில் எழுதி, மனேஜரிடம் கையெழுத்து வாங்கினேன். அந்தத் தாளின் பிரதி அக்காவின் விசாரணைக் கோப்புக்குப் போனது. வெள்ளிக்கிழமை அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

பழைய ஹெட்டை எங்கேயாவது எறிந்திருக்கலாம். அந்த அளவுக்கு எனக்குக் கெட்டித்தனம் போதாது. வழமைபோல மோரீனின் தட்டில் வைத்துவிட்டேன். அந்தச் செவ்வாய் பின்னேரமே கூப்பிட்டார். மேசையில் என் வேலைத்தாள். அதன் மேல் அந்த ஹெட், சுற்றிவர ஒரு துண்டு. இரண்டு இலக்கங்கள் கறுப்பாகத் தெரிந்தன. 311, 312.

"சிவா, சோதிக்க முன்னம் ரீசெட் செய்தாயா?"

"செய்தேன்."

"இந்தத் தாளில் சேர்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார். வெளியே யாரோ றேடியோவை நிறுத்தினார்கள். அந்தத் தாளால் ஒரு பெண் தன் வேலையை இழக்கப்போகிறாள் என்று அவருக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதையும் நானே சொல்லட்டும் என்று இடம் விட்டார்.

"இல்லை" என்றேன்.

தலையசைத்தார். றப்பர் பாண்டை அவிழ்த்து, துண்டை என் கையில் தந்தார். "இது உன்னுடையது." அவ்வளவுதான். மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது. ஆனால் அவர் ஓய்வு பெறும்வரை என் வேலைத்தாள் ஒன்றையாவது ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டதில்லை. துண்டை மடித்துப் பேர்ஸுக்குள் வைத்தேன். எறியத் தைரியம் இல்லை, காட்டவும் தைரியம் இல்லை. அன்று தொடங்கி எந்த மெசினைத் தொட்டாலும் என் முதல் கட்டளை ரீசெட்தான். நிவேதாவின் கேள்விக்குப் பதில் அதுதான்.

இதோடு போயிருந்தால் ஒரு வேலை போன கதை என்று மனதைத் தேற்றியிருப்பேன். இரண்டு வருடம் கழித்து விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் யோகம் அக்காவைக் கண்டேன். நான் சப்பாத்து வைக்கிற இடத்துக்குப் போய், என் சப்பாத்தைத் தேடுகிறவன் போலக் குனிந்து நின்றேன். மனைவியின் சிநேகிதி ஒருத்திதான் பிறகு சொன்னா. அக்காவின் ஒரே மகள் துஷி வவுனியாவில் சித்தி வீட்டில் இருந்தவளாம். பதினெட்டு வயதுக்கு முன் விண்ணப்பித்தால்தான் பிள்ளையைக் கூப்பிடலாம். அதற்குத் தொடர்ச்சியான சம்பளத் துண்டு காட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து வந்த நேரத்தில் வேலை போனது. வேறு வேலை எடுத்துத் துண்டுகள் சேர்வதற்குள் மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை வரவேயில்லை.

அன்றைக்காவது போய்ச் சொல்லியிருக்கலாம். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். சொல்லாமல் விடுகிறவனுக்கு இதைவிட வசதியான நினைப்பு இல்லை. ஏறத்தாழ இருபது வருடம் போனது. என் மகன் பிறந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இதை எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும், அக்காவுக்குச் சொல்லாததை ஊருக்குச் சொல்வது என்ன நியாயம் என்று கை நின்றுவிடும். எட்டு மாதம் அப்படித்தான் போனது. போன மாதம் இலக்கத்தை வாங்கி அழைத்தேன்.

"அக்கா, நான் சிவபாலன். பிரிண்டர் திருத்த வாறனான்."

"ஓ, தம்பி! இருக்கிறீங்களே? வாங்கோ, வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறை. அக்கா தடியோடு நடக்கிறா. தேத்தண்ணியும் வடையும் வைத்தா. அந்த வடையைத் தொட முடியவில்லை. வியாழக்கிழமையிலிருந்து செவ்வாய் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சிக்குப் பேர்ஸிலிருந்து மோரீனின் துண்டை எடுத்து விரித்தேன். பல வருடமாக அதை நான் விரித்துப் பார்த்ததில்லை.

வெள்ளையாக இருந்தது. மூலையில் பேனாவால் போட்ட திகதியும் மோரீனின் முதலெழுத்துகளும் மட்டும். தெர்மல் அச்சு காலப்போக்கில் வெளிறிவிடும் என்று எத்தனை வாடிக்கையாளருக்குப் பாடம் எடுத்திருப்பேன்! என் பேர்ஸுக்குள் இருந்தது மட்டும் அழியாது என்று எப்படி நினைத்தேன்?

"இதில ஒண்டும் இல்லையே தம்பி."

"ஓம் அக்கா. அழிஞ்சு போச்சு. இனி நான் சொன்னால்தான் உண்டு."

அக்கா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அழுவா என்று நினைத்தேன், ஏசுவா என்று நினைத்தேன்.

"அப்ப நான் பன்ரெண்டு எண்டுதான் அடிச்சிருக்கிறன்."

"ஓம் அக்கா."

"நீர் அண்டைக்கு என்ர முகத்தைப் பாத்துத்தானே சொன்னனீர், மெசின் சரியெண்டு."

"ஓம் அக்கா."

"நானும் நம்பீட்டன். என்ர கைதான் பிழை விட்டது எண்டு துஷியிட்டச் சொன்னனான். அம்மாவின்ர கவனக்குறைவாலதான் நான் இஞ்ச கிடக்கிறன் எண்டு அவள் எத்தினை வருசம் சொன்னவள். இப்ப சொல்லுறேல்லை. கிழமைக்கு ஒருக்கா எடுப்பாள், அஞ்சு நிமிசம் கதைப்பாள்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினா. "எனக்கு உம்மட மன்னிப்பை வைச்சு என்ன செய்யிறது?" என்றபடி போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து அழுத்தினா. வவுனியாவில் பின்னேரமாக இருந்திருக்கும். பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"என்னம்மா, இண்டைக்கு எடுத்திருக்கிறீங்கள்? சுகமில்லையே?"

அக்கா போனை மேசையில், எனக்கு முன்னால் வைத்தா.

"தங்கச்சி" என்றேன். "நான் சிவபாலன். அம்மா வேலை செய்த இடத்தில மெசின் பாத்தனான். பிழை என்ர. அம்மா அண்டைக்குப் பன்ரெண்டு எண்டு சரியாத்தான் அடிச்சவா."

மறுபக்கத்தில் பிள்ளைகளின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது, அந்தச் சத்தமும் நின்றது. அக்கா கையை நீட்டி, போனின் சத்தத்தைக் கூட்டினா.

"அவளுக்கு வடிவாக் கேட்டிருக்காது" என்றா. "இன்னொருக்காச் சொல்லும்."

சொன்னேன்.